பார்த்துக்கொள்கிறவரும் அதே தூசியைச் சுவாசித்தவர்தான்

வட இத்தாலியில் போ நதிக்கரையில் காசாலே மொன்ஃபெர்ராட்டோ என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 35,000, நம் கணக்கில் ஒரு சின்ன நகராட்சி. 1907-லிருந்து 1986 வரை அங்கே எட்டர்னிட் ஆலை ஓடியது. சிமென்ட்டோடு ஆஸ்பெஸ்டாஸைக் கலந்து கூரை ஷீட்டும் குழாயும் செய்தார்கள். ஆலையை மூடி ஏறக்குறைய 40 வருஷம் ஆகிவிட்டது, கட்டடத்தையும் இடித்தாயிற்று, அந்த இடத்தில் 2016-ல் பூங்காவே திறந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வருஷத்துக்கு 50 பேர் அளவில் புதிதாக மீசோதீலியோமா என்று தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறார்கள்.

மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சுற்றியோ வயிற்றுக்குள்ளோ இருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் நுரையீரல் பக்கம்தான் வரும். ஆஸ்பெஸ்டாஸ்தான் இதற்குப் பிரதான காரணம், சிகரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய இழை மூச்சோடு உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிய 20 முதல் 50 வருஷம்வரை ஆகும். தெரிந்த பிறகோ, பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருப்பது ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்.

எந்தப் புற்றுநோய் வந்தாலும் குடும்பம் உலுங்கித்தான் போகும். இதில் மட்டும் தனியாகப் பேச என்ன இருக்கிறது என்றால், மற்ற நோய்களில் படுத்திருப்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர் என்று ஒரு கோடு இருக்கும். இந்த நோயில் பல வீடுகளில் அந்தக் கோடு கிடையாது. கஞ்சி ஆற்றிக் கொடுக்கிற மனைவி, ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு அலைகிற மகன், இரவில் தலையணையை உயர்த்தி வைக்கிற அக்கா என்று எல்லோரும் அதே வீட்டில், அதே தெருவில், அதே தூசியில் வளர்ந்தவர்கள். இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு யாருக்கு என்ற கேள்வி அந்த அறைக்குள்ளேயே இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்த நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் மனசளவில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு காசாலேயைவிடச் சரியான ஊர் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் தூசி ஆலைச் சுவருக்குள் நிற்கவில்லை. குழாயைக் கடைந்து வழுவழுப்பாக்கும்போது விழுந்த துகளை, போல்வெரினோ என்பார்கள், ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். சும்மா கிடைத்தது, இல்லையென்றால் சொற்ப விலை. கொட்டி மிதித்தால் கெட்டியாக இறுகிக்கொள்ளும் என்பதால் வீட்டு முற்றத்தில், பாதைகளில், பிள்ளைகள் விளையாடும் இடங்களில் பரப்பினார்கள். குளிர் தாங்கும் என்று கூரைக்கடியில் இருக்கும் பரணில் கொட்டி வைத்தார்கள். வேலை முடிந்து வருகிற ஆண்கள் தலைமுடியிலும் சட்டையிலும் வெள்ளைத் தூளோடு வீட்டுக்குள் நுழைவார்கள், பெண்கள் அந்தத் துணியை உதறிவிட்டுத் துவைப்பார்கள். துவைப்பதைவிட அந்த உதறல்தான் ஆபத்து, உதறும்போது முகத்துக்கு நேராகப் பறக்கும் இழையைக் கண்ணால் பார்க்க முடியாது.

அந்த ஆலைத் தொழிலாளர்களின் மனைவிகளை மட்டும் தனியாக எடுத்து இத்தாலிய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள், 1,780 பெண்கள், அவர்கள் யாரும் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். சாதாரண ஊராக இருந்தால் நுரையீரல் சவ்வுப் புற்றுநோயில் அவர்களில் ஒருவர் இறந்திருக்கலாம். இறந்தவர்கள் 21 பேர்.

இந்த எண்ணை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே என்று முப்பது வருஷம் ஆலைக்குப் போனவர் அவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மனைவிக்கு வந்துவிட்டது. அவர் என்ன நினைப்பார்? “நான் கொண்டுவந்த துணியால்தானே” என்பது அவர் தொண்டையில் நிற்கும், சொல்ல மாட்டார். மனைவிக்கும் தெரியும், அவரும் கேட்க மாட்டார். கேட்டுவிட்டால் மனிதர் உடைந்துபோவார் என்று பயம். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருப்பார்கள், அந்த மௌனத்திலேயே மீதியிருக்கிற மாதங்கள் கழிந்துவிடும். குற்றம் செய்யாத மனிதருக்குக் குற்றவுணர்ச்சியைக் கொடுக்கிற நோய் இது. செய்தவர்களுக்கு அந்த உணர்ச்சி வந்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆஸ்பெஸ்டாஸால் வரும் இன்னொரு புற்றுநோய் நுரையீரல் புற்றுநோய். இதில் சிகரெட்டும் சேர்ந்துகொண்டால் ஆபத்து பல மடங்காகும். அப்புறம் கேட்கவே வேண்டாம், “பீடி சிகரெட்டை விடுன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவர் வேலை பார்த்த இடத்தில் என்ன பறந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தானே தேடிக்கொண்ட வியாதி என்ற பேச்சைச் சுமந்துகொண்டே அவர் போய்ச் சேர்கிறார்.

நோய் தெரியவருகிற விதமும் கொடுமையாகத்தான் இருக்கிறது. மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஒரு பக்கம் நெஞ்சு கனமாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலைச் சுற்றி நீர். ஊசி போட்டு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கும் மேல் எடுப்பார்கள், அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்குவார், வீடே நிம்மதியாகும். கொஞ்ச நாளில் மறுபடியும் நீர். எடுத்த நீரைச் சோதித்தால் பல சமயம் தெளிவாக ஒன்றும் தெரியாது. ஸ்கேன், பிறகு நெஞ்சில் சின்ன துளை போட்டுக் குழாயில் கேமரா விட்டுப் பார்த்து சதை எடுப்பது, அதை ஒரு ஆய்வகம் பார்த்து இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வாரக்கணக்கில் இழுக்கும். வெறும் நெஞ்சுச் சளியாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காசாலே மாதிரியான ஊரில் அந்த ஆறுதல்கூடக் கிடையாது. நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷமே விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

இதையும் சொல்லிவிட வேண்டும்: தனக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை நோயாளி ஏற்கனவே ஒருமுறை, சில வீடுகளில் இரண்டு மூன்று முறை, கண்ணால் பார்த்துவிட்டவர். அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள் இருபது வருஷம் கழித்துத் தானே அந்தக் கட்டிலில் படுக்கிறாள். எந்த மாதம் எந்த வலி வரும், எப்போது நடை நிற்கும், எப்போது சாப்பாடு இறங்காது என்று அவளுக்கு மனப்பாடம். “தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்” என்று வருகிறவர்கள் சொல்லும்போது அவள் தலையை ஆட்டுவாள். வேறு என்ன செய்ய?

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சொல்லவும் அதிகம் இல்லை. 2003-க்குப் பிறகு பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள்தான் வழக்கம். 2020-க்குப் பிறகு நிவோலுமாப், இபிலிமுமாப் என்று இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, வந்தது. அதை ஆராய்ந்த பெரிய ஆய்வில், நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் கீமோவில் 14 மாதம், புதிய மருந்தில் 18 மாதம். நாலு மாதம். காகிதத்தில் சின்ன எண்தான், வீட்டுக்குள் அது பேத்தி பிறப்பதைப் பார்ப்பது, மகள் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பது. சிலர் சில வருஷங்கள்கூட இருக்கிறார்கள், அந்தச் சிலரில் தானும் ஒருவராக இருக்கக்கூடாதா என்ற நினைப்பில்தான் ஒவ்வொரு குடும்பமும் ஓடுகிறது. ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாமே என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. சவ்வையே உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையை பிரிட்டனில் ஓர் ஆய்வில் முறையாகச் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட, கீமோவோடு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்கள் குறைவான காலமே இருந்தார்கள், பக்கவிளைவும் அதிகம். ஆகவே “நாங்கள் காசைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டோமோ, இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டுமோ” என்று மருகிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது முக்கியம்: ஆபரேஷன் செய்யாததால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

வீட்டில் நடப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், ஒவ்வொரு தடவையும் ஊசி போடுவதற்குப் பதிலாக, விலாவில் மெல்லிய டியூப் ஒன்றைப் பொருத்தி அனுப்புவார்கள். டியூபின் முனையில் ஒரு வால்வு, அதில் மாட்டக் காற்றில்லாத பாட்டில். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை வெளியே எடுக்க வேண்டும், அதை எடுப்பது வீட்டு ஆள். நர்ஸ் ஒன்றிரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, கட்டைப் பிரித்து, டியூபைத் துடைத்து, பாட்டிலை மாட்டிக் கிளிப்பைத் திறந்தால் நீர் இறங்கத் தொடங்கும், வைக்கோல் நிறத்தில், சில நாள் இளஞ்சிவப்பாக. அவர் இரும ஆரம்பித்தாலோ வலி என்றாலோ நிறுத்திவிட வேண்டும். இருபது நிமிஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுதுவார் மனைவி. இன்றைக்கு 400, முந்தாநாள் 600. குறைந்தால் நல்லதா, கெட்டதா? டியூப் அடைத்துக்கொண்டால்கூடக் குறையும், அவருக்கு எப்படித் தெரியும்? நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனிதரின் நெஞ்சிலிருந்து நீரை இறக்குவது அவருடைய வேலையாகிவிட்டது, மனைவி என்ற உறவு நர்ஸ் என்ற வேலைக்குள் போய்விட்டது. முன்பு ஊசி போட்ட இடத்தில் தோலுக்கடியில் கட்டி ஒன்று முளைப்பதும் இந்த நோயில் நடக்கும், அதை முதலில் பார்ப்பதும் கட்டு மாற்றுகிற அந்தக் கைதான். சொல்லலாமா, டாக்டரிடம் போகும்வரை சொல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசனை ஓடும்.

ராத்திரிகள் தனிக் கஷ்டம். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்க வேண்டும், அவர் மூச்சின் சத்தத்தை எண்ணிக்கொண்டே இவர் விழித்திருப்பார். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள மிகப் பெரிய பயம் மூச்சுத் திணறித் திணறிச் செத்துப்போவோமோ என்பது. இந்தப் பயத்தை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பதில் பயந்த அளவுக்கு மோசமில்லை. நல்ல வலிநிவாரணக் கவனிப்பு இருந்தால் கடைசி நாட்களில் பெரும்பாலானவர்கள் தூக்கக்கலக்கத்துக்குள் போய்த்தான் அடங்குகிறார்கள். சிறிய அளவு மார்ஃபின் வலியை மட்டுமல்ல, மூச்சுத்திணறல் உணர்வையும் குறைக்கும். முகத்துக்கு நேரே ஒரு சின்ன விசிறி காற்று வீசினால்கூட அந்தத் தவிப்பு கொஞ்சம் தணியும், சும்மா வீட்டு வைத்தியம் இல்லை, ஆய்வுகளில் பார்த்த விஷயம். ஆனால் மார்ஃபின் என்றதும் “அதைக் கொடுத்தா முடிஞ்சிடுமாமே” என்று வீட்டில் மறுப்பார்கள், வலியோடு அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு மருந்து பாட்டிலை அலமாரியில் வைத்திருப்பார்கள். பிறகு வருஷக்கணக்கில் அந்த பாட்டிலை நினைத்து அழுவார்கள். முதலிலேயே யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்த அழுகையையாவது தவிர்த்திருக்கலாம்.

சரி, பார்த்துக்கொள்கிறவருக்கு இருமல் வந்தால்? சாதாரண ஜலதோஷம்தான். ஆனால் அவர் யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார், அல்லது பயந்து போகாமலே இருந்துவிடுவார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் இருந்தவர்களில் பலருக்கு நுரையீரல் சவ்வில் தடித்த தழும்புகள் விழும். அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் அந்தத் தழும்பு ‘நீ சுவாசித்திருக்கிறாய்’ என்பதற்கு உடம்பே கொடுத்த சாட்சி. அதைப் பார்த்துவிட்ட மனிதரால் நிம்மதியாகத் தூங்க முடியுமா? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. தழும்பு இருப்பதாகத் தெரிந்த பிறகு பயத்திலேயே மன அழுத்த நோய்க்கு ஆளான ஒருவர் உட்படப் பலர் இழப்பீடு கேட்டார்கள். 2007 அக்டோபரில், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முடியாது என்றது. தழும்பால் உடம்புக்குப் பாதிப்பில்லை, எதிர்காலத்தில் வரலாம் என்ற பயத்துக்குப் பணம் கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஸ்காட்லாந்து இதை ஒப்புக்கொள்ளாமல், 2009-ல் தனிச் சட்டம் போட்டுத் தழும்புக்கும் இழப்பீடு உண்டு என்று மாற்றியது. எனக்கு ஸ்காட்லாந்து செய்ததுதான் நியாயமாகப் படுகிறது. ஒருவருடைய இருபது வருஷத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு உடம்பில் காயமில்லையே என்பது என்ன பேச்சு?

இனி கோபத்துக்கு வருவோம். இந்த நோயின் துக்கத்தில் பாதி கோபம்தான், அதை அடக்கச் சொல்லுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் வாக்னர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளை ஆராய்ந்து 1960-ல் வெளியிட்டார்கள், அவர்களில் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் உண்டு. 1965-ல் லண்டன் ஆய்வு ஒன்று, தொழிலாளியின் வீட்டில் வாழ்ந்ததே போதும் என்று காட்டியது. காசாலே ஆலை அதற்குப் பிறகும் 21 வருஷம் ஓடியது. இத்தாலி ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1992-ல். ஆகவே எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்த, அல்லது எழுபதுகளில் அந்தத் தெருவில் பிறந்த ஒருவருக்கு இன்றைக்கு நோய் வந்தால், அவர் குடும்பம் ‘எல்லாம் விதி’ என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. தெரிந்தும் நடந்தது இது.

காசாலே மக்கள் வழக்குக்குப் போனார்கள். தூரின் நகர நீதிமன்றத்தில் 2009 டிசம்பரில் தொடங்கிய விசாரணையில் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். ஒவ்வொரு விசாரணை நாளும் விடிகாலையில் பஸ் பிடித்து வயதான விதவைகள் போய் உட்கார்ந்தார்கள். 2011 டிசம்பரில், தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்னால், வழக்கிலிருந்து நகராட்சி விலகிக்கொண்டால் 18 மில்லியன் யூரோ தருகிறோம் என்று எட்டர்னிட்டின் முன்னாள் அதிபர் ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனி தரப்பிலிருந்து பேரம் வந்தது. நகராட்சி ஒத்துக்கொள்ளப் பார்த்தது. ஊரே திரண்டு எதிர்த்தது, பணம் வேண்டாம் என்றாயிற்று. 2012 பிப்ரவரி 13 அன்று ஷ்மிட்ஹைனிக்கும் எட்டர்னிட்டின் பங்குதாரராக இருந்த பெல்ஜியத்தைச் சேர்ந்த லூயி தெ கார்த்தியேவுக்கும் தலா 16 வருஷச் சிறை. 2013-ல் கார்த்தியே இறந்துபோனார், மேல்முறையீட்டில் ஷ்மிட்ஹைனியின் தண்டனை 18 வருஷமாகக் கூடியது. 2014 நவம்பரில் ரோமில் உச்ச நீதிமன்றம், குற்றத்துக்கான காலவரம்பு கடந்துவிட்டது என்று அத்தனையையும் ரத்து செய்தது. ஆலை மூடியதிலிருந்து காலவரம்பை எண்ணினார்கள். நோய் உடம்புக்குள் நாற்பது வருஷம் காத்திருக்கும், சட்டம் அதுவரை காத்திருக்காது. நீதிமன்றத்தில் இருந்தவர்கள் “வெட்கம், வெட்கம்” என்று கத்தினார்கள்.

பிறகு 392 பேரின் சாவுக்காகத் தனி வழக்கு வந்தது, அவர்களில் பெரும்பாலோர் ஆலைக்குள் கால் வைக்காதவர்கள். 2023 ஜூனில் நோவாரா நீதிமன்றம் ஷ்மிட்ஹைனிக்கு 12 வருஷம் விதித்தது, 2025 ஏப்ரலில் தூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒன்பதரை வருஷமாகக் குறைத்தது. குற்றத்தை அவர் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார்.

வழக்கு மனசை என்ன செய்யும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நீதிக்காகப் போராடுகிற குடும்பத்துக்கு அது ஒரு பிடிமானம், மறுக்கவில்லை. ஆனால் அப்பா இறந்த கதையை வக்கீலிடம், பிறகு நீதிபதியிடம், பிறகு நிருபரிடம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் மகளுக்கு, துக்கம் அனுஷ்டிக்க நேரமே கிடைப்பதில்லை. சாவுக்குச் சடங்கு முடிந்துவிட்டது, வழக்கு முடியவில்லை, ஆகவே சாவும் முடியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீசோதீலியோமாவால் இறந்தால் தொழில் நோய் என்பதால் மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். சில சமயம் பிரேதப் பரிசோதனை. வீட்டில் நிம்மதியாக உயிர் போகட்டும் என்று குடும்பம் அத்தனை பாடுபட்டிருக்கும், கடைசியில் விசாரணை என்று யாராவது வந்து நிற்பார்கள். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்காத இடங்களில் குடும்பங்கள் நொறுங்கிப்போகின்றன.

ரொமானா பிளசோட்டி பவேஸியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. கணவர் மரியோ அந்த ஆலைத் தொழிலாளி, 1983-ல் மீசோதீலியோமாவில் இறந்தார். அப்புறம் ரொமானாவின் தங்கை, அக்காள் தங்கை பிள்ளை முறையில் ஒருவர், உறவினர் இன்னொருவர், கடைசியில் 2004-ல் மகள் மரியா ரோசா. ஒரே நோயில் ஐந்து பேர். அவர்களில் ஆலையில் வேலை பார்த்தவர் கணவர் ஒருவர்தான். ரொமானா பல வருஷம் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தார், 2024-ல் 95 வயதில் காலமானார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தியாகி, வீராங்கனை என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அதைவிட அந்த வீட்டின் வரிசைதான் மனசில் நிற்கிறது: மனைவியாக ஒருமுறை, அக்காவாக ஒருமுறை, தாயாக ஒருமுறை என்று ஒரே நோயின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஒவ்வொரு முறையும் அது தனக்கு வராமல் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும், கடைசியில் தான் பெற்றவளுக்கும் வந்ததைப் பார்த்தவர். தப்பிப் பிழைத்ததே பாரமாகிப்போன மனசுக்கு, ‘உங்களுக்காவது வரலையே’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும்?

இந்த ஊருக்கு மருந்தோடு வேறொன்றும் வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களில் தூரின் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியர் அந்தொனெல்லா கிரானியேரி முக்கியமானவர். அவருடைய குழு காசாலேயில் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தது. இதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாக நோயாளிக்குத் தனி ஆலோசனை, குடும்பத்துக்குத் தனி ஆலோசனை என்று பிரிப்பார்கள். இங்கே பிரித்தால் அந்த மௌனம் அப்படியே நின்றுவிடும். ஒரே அறையில் வேறொரு வீட்டுக் கணவர் தன் குற்றவுணர்ச்சியைச் சொல்லக் கேட்கும்போதுதான், இந்த வீட்டு மனைவிக்குத் தன் கணவர் ஏன் ராத்திரி பால்கனியில் போய் நிற்கிறார் என்பது புரிகிறது. அந்தக் குழு எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருவது, இவர்கள் உணர்ச்சியை வார்த்தையாக வெளியே விடாமல் உடம்புக்குள் போட்டுக்கொள்கிறார்கள், தலைவலி, முதுகுவலி, படபடப்பு என்று அது வேறு வழியில் வருகிறது என்பது. ஊரே அப்படித்தான் பழகியிருந்தது, ஆலைதானே சோறு போட்டது, அதைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்ற கூச்சம் அத்தனை தலைமுறைக்கும் இருந்தது.

அந்தக் கூச்சம் உடைந்த ஓர் இடம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோமே, இத்தாலியச் சிற்றூர்களிலும் அந்த வழக்கம் உண்டு, பெயரும் வயதும் அடக்க நேரமும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். 1988-ல் 33 வயது வங்கி ஊழியர் ஒருவர், விளையாட்டு வீரர், ஆலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, மீசோதீலியோமாவில் இறந்தார். ‘நோய்வாய்ப்பட்டு’ என்று மழுப்பாமல், ஆஸ்பெஸ்டாஸ் மாசுதான் இவரை எங்களிடமிருந்து பறித்தது என்று குடும்பத்தார் அந்த போஸ்டரிலேயே அச்சடித்து ஊர்ச் சுவர்களில் ஒட்டினார்கள். அந்த ஊரில் அன்றைக்கு அப்படி எழுதச் சாதாரணத் துணிச்சல் போதாது. அவருடைய சகோதரிதான் பின்னாளில் ரொமானாவுக்குப் பிறகு சங்கத்தின் தலைவரானார்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் இந்தக் கோபத்துக்குக்கூட வழியில்லாமல் இருக்கிறது. உலகத்திலேயே ஆஸ்பெஸ்டாஸை அதிகம் இறக்குமதி செய்கிற நாடு இந்தியா. இலங்கை 2018-லிருந்து நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும், இலங்கை தடையைத் தள்ளிவைத்தது, ரஷ்யா தேயிலையை மறுபடி எடுத்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸை விற்கிற நாடும் ரஷ்யாதான். மாட்டுக்கொட்டகையிலிருந்து வாடகை வீட்டு மாடி வரைக்கும் நாம் எல்லோரும் அந்த ஷீட்டுக்குக் கீழே இருந்தவர்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, உடையாமல் அசையாமல் இருக்கிற ஷீட்டால் ஆபத்து குறைவு. ரம்பம் போட்டு அறுக்கிறவர், ட்ரில்லால் ஓட்டை போடுகிறவர், பழைய கூரையைச் சம்மட்டியால் உடைத்து லாரியில் ஏற்றுகிறவர், ஆலையில் மூட்டையைப் பிரிக்கிறவர், இவர்களும் இவர்கள் துணியைத் துவைக்கிற வீட்டுப் பெண்களும்தான் அதை உள்ளே இழுப்பவர்கள்.

இவர்களில் ஒருவருக்கு 60 வயதில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் டிபி என்றுதான் பார்ப்பார்கள். டிபி நம் நாட்டில் அவ்வளவு சகஜம், அதனால் அது தப்பும் இல்லை. ஆனால் டிபி மருந்துக்குக் கேட்காதபோது, முப்பது வருஷத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்க வேண்டும், அந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. நோய்க்குப் பெயர் இல்லை, காரணம் இல்லை, ஆகவே குடும்பம் தன்னையே நொந்துகொள்கிறது. சரியாகச் சாப்பாடு போடவில்லையோ, சீக்கிரம் காட்டியிருக்க வேண்டுமோ, போன ஜென்மத்துப் பாவமோ என்று. சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் எவ்வளவு மெதுவாக வரும் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கிவிட்டுப் போனவருக்குப் பதிவேடு எங்கே இருக்கும்?

அதனால் வீட்டில் அப்படி வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஆலை, எந்த ஊர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கூட வேலை பார்த்தவர்கள் யார், துணியை யார் துவைத்தார்கள். பழைய சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் காகிதம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் வலிநிவாரணச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதல் மாதமே விசாரியுங்கள், கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. அப்புறம் பார்த்துக்கொள்கிற அந்த மனைவியோ மகளோ, அவருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாமா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அந்தக் கேள்வி அவர் மனசில் எப்போதோ வந்துவிட்டது, கேட்க ஒரு ஆள் இல்லாமல்தான் இருக்கிறார்.